யார் பணத்தில் ஆடுகிறார்கள்?

'தி காட்ஃபாதர்' எழுதிய மரியோ பூஸோவின் 'ஃபூல்ஸ் டை' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: சினிமாத்தனம். அவர் சொன்னது ஜோர்டனின் சாவை. லாஸ் வேகாஸில் சனாடு என்ற கற்பனை ஹோட்டல். அங்கே பக்காரா என்ற சீட்டாட்டத்தின் மேஜையில் உட்கார்ந்து ஜோர்டன் 4 லட்சம் டாலர் அளவுக்கு ஜெயிக்கிறான். கூட இருக்கும் நண்பர்கள் அவனைப் பணத்தோடு எப்படியாவது விமானம் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பிவிடப் பார்க்கிறார்கள். அவனோ அறைக்குப் போய்ச் சுட்டுக்கொண்டு சாகிறான். "தோத்தவன் செத்தா நம்பலாம். ஜெயிச்சவன் எதுக்குச் சாகணும்?" என்பது நண்பரின் கட்சி. அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அப்புறம் இந்த வகை அமெரிக்கப் புத்தகங்களையும் படங்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கவும் பார்க்கவும் ஆரம்பித்தேன். எழுதியவரே சூதாடியாக இருந்து, தன் வாழ்க்கையையே பாதி மறைத்துப் பாதி காட்டி எழுதிய கதைகள். ஜோர்டன் ஏன் செத்தான் என்று தேடப் போனவனுக்கு வேறொரு கேள்வி மாட்டிக்கொண்டது. இந்தக் கதைகளில் மேஜைமேல் இருக்கும் பணம் யாருடையது?

முதலில் ஜோர்டன். அந்த நாவலில் கதை சொல்பவன் மெர்லின். நியூயார்க்கில் ராணுவ ரிசர்வ் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, நல்ல பெயர் வாங்கியும் விற்காத முதல் நாவல், சூதாட்டப் பழக்கம், பிறகு திடீரென்று ஒரு பெருவெற்றி, ஹாலிவுட். கிட்டத்தட்ட பூஸோவின் சுயவிவரம்தான் இது. மெர்லினும் ஜோர்டனும் ஒரே மேஜைகளைச் சுற்றிவருகிறவர்கள். அதில் ஒருவன் சாகிறான், இன்னொருவன் உயிரோடிருந்து கதை சொல்கிறான். சுயசரிதை கலந்த நாவலில் இந்த ஏற்பாடு தவிர்க்க முடியாதது. கதை சொல்பவன் பிழைத்துவிட்டான் என்பது முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும், இல்லாவிட்டால் யார் எழுதுவது? அதனால் எழுத்தாளன் தனக்கு நேர்ந்திருக்கக்கூடியதை வேறொருவன் தலையில் கட்டிவிடுகிறான். ஜோர்டன், தப்பிக்காத மெர்லின்.

ஆனால் ஜெயித்த பிறகு ஏன்? இதற்குப் பூஸோவிடம் மட்டும் பதில் தேட வேண்டியதில்லை. 1974இல் அமெரிக்காவில் இரண்டு சூதாட்டப் படங்கள் வந்தன. இரண்டுமே எழுதியவரின் சொந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை. ஜோசப் வால்ஷ் எழுதி ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய 'கலிஃபோர்னியா ஸ்ப்ளிட்' ஒன்று. வால்ஷின் நிஜ நண்பரான எலியட் கூல்டே அதில் சார்லியாக நடித்தார். சார்லியும் பில்லும் சூதாட்ட நகரமான ரீனோவுக்குப் போகிறார்கள். பில் போக்கரில் ஜெயிக்கிறான், தொட்டதெல்லாம் துலங்குகிறது, கடைசியில் 82,000 டாலர். சார்லி குதிக்கிறான். பில்லோ ஒரு மூலையில் உட்கார்ந்து, விசேஷமான உணர்ச்சி எதுவும் தனக்கு வரவில்லை என்கிறான். பங்கைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறான். இன்னொன்று, ஜேம்ஸ் டோபாக் எழுதிய 'தி கேம்ப்ளர்'. டோபாக் நியூயார்க் சிட்டி காலேஜில் பாடம் நடத்தியவர், தீராத சூதாடி. படத்தின் நாயகன் ஆக்ஸலும் இலக்கியப் பேராசிரியர். வகுப்பில் தஸ்தயேவ்ஸ்கி நடத்துகிறான், வெளியே 44,000 டாலர் கடன். கடைசியில் கடன் தீர்கிறது. தீர்ந்த அன்றிரவே, தேவையில்லாத இடத்துக்குப் போய், தேவையில்லாத சண்டையை இழுத்து, முகத்தில் வெட்டு வாங்குகிறான். கண்ணாடியில் அந்தக் காயத்தைப் பார்க்கும் அவன் முகத்தில் ஒரு நிறைவு.

மூன்று கதைகள், மூன்றிலும் ஜெயித்த பிறகுதான் விபரீதம். தோற்றுக்கொண்டிருக்கும்வரை சூதாடிக்கு ஒரு வேலை இருக்கிறது: விட்டதைப் பிடிப்பது. தினமும் எழுந்திருக்க அது ஒரு காரணம். பிடித்துவிட்டால் அந்தக் காரணம் போய்விடுகிறது, தான் ஓடிவந்தது பணத்துக்காக இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. நண்பரிடம் நான் சொன்ன பதில் இதுதான். இன்றைக்கும் இதைத் தப்பென்று நினைக்கவில்லை. ஆனால் இது சூதாடியின் பக்கத்திலிருந்து மட்டும் சொல்லப்படும் பதில். அவனுடைய வெறுமை, அவனுடைய தேடல், அவனுடைய காயம். ஆக்ஸலுக்குக் கடனை அடைக்கப் பணம் எடுத்துக் கொடுத்தது அவன் அம்மா. அவர் ஒரு டாக்டர். அந்தப் பணத்தையும் கொண்டுபோய் ஆடுகிறான். படம் அவன் முகத்தைவிட்டு நகராது. அம்மா வீட்டுக்குப் போய் அன்றிரவு என்ன செய்தார் என்று படத்துக்குத் தெரியாது.

கடன்காரன் எழுதிய டான்

பூஸோவின் நிஜக் கதை அவர் எழுதிய நாவல்களுக்குச் சளைத்ததில்லை. 1920இல் நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சனில், இத்தாலியிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1955இல் முதல் நாவல், 1965இல் இரண்டாவது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், கைக்கு ஒன்றும் வரவில்லை. 45 வயதில் அவருக்கு 20,000 டாலர் கடன் இருந்தது. சொந்தக்காரர்கள், வங்கி, பைனான்ஸ் கம்பெனி, பந்தயப் புக்கிகள், கந்துவட்டிக்காரர்கள் என்று அந்தப் பட்டியலை அவரே பின்னால் கட்டுரையில் எழுதியிருக்கிறார். காசுக்காகத்தான் 'தி காட்ஃபாதர்' எழுத உட்கார்ந்தார். முன்பணம் 5,000 டாலர். மாஃபியாக்காரர் ஒருவரையும் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் படித்துச் சேர்த்ததுதான் என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் சூதாட்ட உலகம் அவருக்குப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு 'தி காட்ஃபாதர்' படித்தால் அதன் மாஃபியா தலைவர் டான் கோர்லியோனி வேறு ஆளாகத் தெரிவார். ஊர் முழுக்கக் கடன்பட்ட ஒரு மனிதன் உட்கார்ந்து உருவாக்கிய நாயகன், ஊர் முழுக்கத் தனக்குக் கடன்பட்டிருக்கும் மனிதன். யாருக்கு எப்போது என்ன உதவி செய்தோம், அதை எப்போது திருப்பிக் கேட்கலாம் என்று எல்லாக் கணக்கும் அவர் தலைக்குள் இருக்கிறது. சொலோஸோ என்பவன் போதைமருந்து வியாபாரத்தில் பங்கு கேட்டு வரும்போது டான் மறுப்பது ஒழுக்கத்தினால் இல்லை. சூதாட்டத்தை அரசியல்வாதிகள் சின்னத் தப்பாக நினைத்துக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், இதை விடமாட்டார்கள் என்று எடைபோட்டு மறுக்கிறார். டானின் பலமே ஆபத்தை அளக்கத் தெரிந்ததுதான். தனக்குச் சுத்தமாக இல்லாத ஒரு குணத்தைப் பூஸோ அவருக்குக் கொடுத்திருக்கிறார்.

சரி, அந்தக் குணத்தை எங்கிருந்து எடுத்தார்? டான் வாயைத் திறக்கும்போதெல்லாம் என் காதில் கேட்டது அம்மாவின் குரல்தான் என்று பூஸோ பிற்காலத்தில் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத, பெரிய குடும்பத்தைக் கட்டி இழுத்த அம்மா. அவரைத்தான் இரண்டாவது நாவலில் லூசியா சாண்டாவாகவும் படைத்திருந்தார். 'காட்ஃபாதர்' பேப்பர்பேக் உரிமை 4,10,000 டாலருக்குப் போனபோது அம்மாவிடம் சொல்கிறார். அம்மாவின் காதில் அது நாற்பதாயிரம் என்று விழுகிறது. திரும்பத் திரும்பச் சொல்லி ஒருவழியாக அம்மாவுக்குப் புரிந்ததும் அவர் சொன்னது: யாரிடமும் சொல்லாதே. சூதாடியின் வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வாக்கியம் அது. பணம் வந்தது தெரிந்தால் அது தங்காது. வெளியாள் கையை நீட்டுவான் என்பதைவிட, உள்ளே இருப்பவனே எடுத்துக்கொண்டு ஓடுவான் என்கிற பயம்தான் அதில் அதிகம்.

சித்தப்பாவின் ஆட்டம், சித்தியின் ரசீது

அந்த இடத்தில் எனக்குச் சித்தி ஞாபகம் வந்தது. சித்தப்பா வருஷக்கணக்கில் மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியவர். கதை சொல்ல அவரை மிஞ்ச ஆளில்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியில் கைக்கு என்னென்ன சீட்டு வந்தது, எதிரே இருந்தவர் எதைக் கீழே போட்டார், ஜோக்கர் எந்தச் சுற்றில் விழுந்தது என்று அத்தனையும் சொல்வார். கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். ஒருதடவை அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சித்தி தலையை நிமிர்த்தாமல், "அது ரெட்டவடம் போன மாசம்" என்றார். அவ்வளவுதான். சித்தப்பாவிடம் அந்த ராத்திரி சீட்டுகளாக இருக்கிறது. சித்தியிடம் அது அடகு ரசீதாக இருக்கிறது: எந்தக் கடை, எத்தனை பவுன், வட்டி கட்ட வேண்டிய தேதி, மூழ்கிப்போன தேதி. இரண்டு பேரும் சொன்னது ஒரே இரவைத்தான். சுற்றி உட்கார்ந்து கேட்க ஆள் இருந்தது ஒரு கதைக்கு மட்டும்.

அதிலிருந்து இந்தப் புத்தகங்களைப் படிக்கும்போது ரசீதைத் தேடுகிற பழக்கம் வந்துவிட்டது. 'ஃபூல்ஸ் டை'யில் மெர்லின் வேகாஸில் ஆடிக்கொண்டிருக்கும்போது மனைவி வாலரி நியூயார்க்கில் குழந்தைகளோடு இருக்கிறாள். நல்லவள், பொறுமைசாலி என்று மெர்லின் நமக்குச் சொல்கிறான். வேகாஸின் தரைவிரிப்பைப் பற்றிக்கூட நமக்கு நிறையத் தெரிகிறது. பக்காராவில் பாங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம்; பாங்கர் பக்கம் கட்டினால் காசினோவுக்குப் போகும் பங்கு நூற்றுக்கு 1.06, பிளேயர் பக்கம் கட்டினால் 1.24 என்கிற ரகக் கணக்கெல்லாம் இந்த உலகத்தில் மனப்பாடம். சனாடுவின் முதலாளி குரோன்வெல்ட் விகிதத்தை நம்பு, அதிர்ஷ்டத்தை நம்பாதே என்று பாடமே எடுப்பார். நூற்றுக்கு ஒன்று என்பது கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் பக்காரா ஒரு ஆட்டம் முடிவது ஓரிரு நிமிஷத்தில். அதே பணம் ராத்திரி முழுக்க நூறு முறை மேஜையைச் சுற்றிவந்தால் அந்த ஒன்று என்னவாகும் என்று பாருங்கள். காசினோவுக்கு யாரையும் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை, உட்கார வைத்தால் போதும். இத்தனையும் எழுதத் தெரிந்த பூஸோவுக்கு வாலரி அந்த மாத வாடகையை எப்படிக் கட்டினாள் என்று எழுதத் தோன்றவில்லை.

நாவலில் அம்மா உயிரோடு இருக்கிறாள்

இந்தத் தேடலில் என்னை நிறுத்தி வைத்தது பார்தெல்மி சகோதரர்கள். ஃப்ரெடரிக் பார்தெல்மி, ஸ்டீவன் பார்தெல்மி. மறைந்த சிறுகதை எழுத்தாளர் டொனால்ட் பார்தெல்மியின் தம்பிகள். இருவரும் மிசிசிப்பி மாநிலத்தில் ஹேட்டிஸ்பர்க் நகரிலுள்ள சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியர்களாக இருந்தவர்கள். அங்கிருந்து காரில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் கல்ஃப்போர்ட், பிலாக்ஸி கடற்கரை. மிசிசிப்பி 1990இல் சூதாட்டத்துக்கு அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்திருந்தது: காசினோ தரையில் இருக்கக் கூடாது, தண்ணீரில் மிதக்க வேண்டும். அதனால் பிரம்மாண்டமான தெப்பங்களைக் கொண்டுவந்து கரையோரம் கட்டி, அதன்மேல் காசினோ எழுப்பினார்கள். உள்ளே நடக்கிறவனுக்குத் தண்ணீர்மேல் இருக்கிறோம் என்பதே தெரியாது. (2005இல் கத்ரீனா புயல் வந்தபோது அந்தத் தெப்பங்களில் சிலவற்றைக் கடல் தூக்கி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போட்டது. அதற்குப் பிறகுதான் தரையில் கட்ட அனுமதித்தார்கள்.)

1995இல் சகோதரர்களின் அம்மா இறந்தார். 1996இல் அப்பா. அப்பா பெயர்பெற்ற கட்டடக் கலைஞர், பிள்ளைகளை அசர வைக்கிற கண்டிப்புக்காரர். அவர் விட்டுப்போன பணம் பிள்ளைகளுக்கு வந்தது. வந்த பணம் கடற்கரைக்குப் போனது. பிளாக்ஜாக் மேஜையிலும் ஸ்லாட் மெஷினிலுமாக இரண்டு பேரும் சேர்ந்து இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் தொலைத்தார்கள். இது போதாதென்று, மேஜையில் சீட்டுப் போடும் டீலர் ஒருவரோடு சேர்ந்து மோசடி செய்ததாகக் காசினோ சொல்லி, அவர்கள்மீது வழக்கும் வந்தது. அவர்கள் மறுத்தார்கள். 1999இல் வழக்கு தள்ளுபடியானது. அதே வருஷம் இருவரும் சேர்ந்து எழுதிய 'டபுள் டவுன்' என்ற நினைவுக்குறிப்பு வெளிவந்தது. அதில் எதையும் அலங்கரிக்கவில்லை. அப்பாவின் பணத்தை வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை, அப்பா இல்லாத உலகத்தில் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. ஆடும்போது மட்டும் துக்கம் விலகி நின்றது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1997இல், ஃப்ரெடரிக் மட்டும் ஒரு நாவல் எழுதியிருந்தார். 'பாப் தி கேம்ப்ளர்'. நாயகன் ரே, பிலாக்ஸியில் அதிகம் வேலை வராத ஒரு கட்டடக் கலைஞன். மனைவி ஜுவல், அவளுடைய பதின்வயது மகள். ஜுவல்தான் முதலில் காசினோவுக்கு ஆசைப்பட்டு அழைத்துப் போகிறாள். பிறகு ரே மூழ்குகிறான். ஒரே இரவில் முப்பதாயிரம் டாலருக்கு மேல் போகிறது. வீடு போகிறது, கார் போகிறது. நாவலின் நடுவே ரேயின் அப்பா இறந்துபோகிறார். கடைசியில் குடும்பத்தோடு ரேயின் அம்மா வீட்டில் போய் ஒண்டுகிறார்கள். ஒண்டிக்கொண்டு, ஆச்சரியமாக, சந்தோஷமாகவே இருக்கிறார்கள். இழந்த பிறகு பாரம் குறைந்த மாதிரி ஒரு லேசான முடிவு.

இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டாவதில் பாதி தாண்டும்போதுதான் உறைத்தது: நாவலில் அம்மா உயிரோடு இருக்கிறாள். நிஜத்தில் அவர் இறந்துவிட்டார். நிஜத்தில் மகன்கள் தொலைத்துக்கொண்டிருந்தது பெற்றோர் போன பிறகு வந்த பணம், திரும்பிப் போக வீடும் இல்லை, கதவைத் திறக்க ஆளும் இல்லை. நாவலில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வரும் மகனுக்கு அம்மா கதவைத் திறக்கிறாள். மேஜையில் பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், தானே விரும்பி. நிஜத்தில் இல்லாத மன்னிப்பையும் சம்மதத்தையும் ஃப்ரெடரிக் கற்பனையில் போட்டு நிரப்பியிருக்கிறார். என்ன ஆட்டம், காசினோவுக்குள் என்ன வாசனை என்பதெல்லாம் வாழ்க்கையிலிருந்து அப்படியே வந்தவை. மாற்றப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: பணத்துக்குச் சொந்தக்காரர் யார், அவர் என்ன சொன்னார்.

இதை நான் ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். அம்மா இறந்து கொஞ்ச காலமே ஆன ஒருவர், அந்தத் துக்கத்துக்குள் இருந்துகொண்டே எழுதிய நாவல் அது. அம்மாவை மறுபடி உயிரோடு பார்க்க அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. அந்தக் கடைசிப் பக்கங்களில் இருக்கும் இதம் அதனால்தான் என்னைக் கலங்க வைத்தது. ஆனால் ஒரு வாசகனாக, பாதி சுயசரிதை என்று சொல்லப்படும் எந்தக் கதையிலும் எந்தப் பாதி மாற்றப்பட்டது என்று பார்க்க அது எனக்குக் கற்றுக் கொடுத்தது. சூதாட்டக் கதைகளில் தோல்வியை யாரும் மறைப்பதில்லை. தோல்விக்கு ஒரு அழகு இருக்கிறது, அதைத் தாராளமாகக் காட்டுவார்கள். கேட்காமல் எடுத்த பணம்தான் கதைக்குள் வராது. வந்தாலும் சம்மதத்தோடு எடுத்ததாக வரும்.

இதற்கு எதிர்ச்சாட்சி சொல்ல ஒருவர் உண்டு, அமெரிக்க எழுத்தாளர் சார்லஸ் ப்யூகோவ்ஸ்கி. 1950களின் நடுவில் வயிற்றில் ரத்தப்போக்கு ஏற்பட்டு லாஸ் ஏஞ்சலஸ் அரசு ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்து வந்தவர். குடிக்காமல் பொழுதைப் போக்கக் காதலி ஜேன் அழைத்துப்போன இடம்தான் ஹாலிவுட் பார்க் குதிரைப் பந்தய மைதானம். அதன்பின் சாகும்வரை அதை விடவில்லை. அவருடைய நாவல்களில் வரும் ஹென்றி சினாஸ்கி பந்தயத்துக்குப் போவது வேலைக்குப் போகிற மாதிரி இருக்கும். பந்தய விவரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையில் ஒவ்வொரு குதிரைமேலும் கூட்டம் எவ்வளவு கட்டியிருக்கிறது என்று பார்த்து, கடைசி நிமிஷத்தில் சின்னதாக ஒரு தொகை. மைதானம் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், அதனால் கூட்டத்தோடு சேர்ந்து கட்டுகிறவன் பிழைக்க மாட்டான் என்பது சினாஸ்கிக்குத் தெரியும். அவன் கட்டுவது அவனுடைய தபால் ஆபீஸ் சம்பளம். அதனால்தானோ என்னவோ, அந்தப் பக்கங்களில் புலம்பல் குறைவு.

ப்யூகோவ்ஸ்கியின் பெரிய பந்தயம் குதிரைமேல் இல்லை. 49 வயதில் தபால் ஆபீஸ் வேலையை விட்டார். ஜான் மார்ட்டின் என்ற பதிப்பாளர், வேலையை விட்டுவிட்டு எழுது, ஆயுள் முழுக்க மாதம் 100 டாலர் தருகிறேன் என்றார். மூன்றே வாரத்தில் 'போஸ்ட் ஆபீஸ்' நாவல் வந்து நின்றது, 1971இல் வெளியானது. இங்கேயும் இன்னொருவர் பணம்தான். மார்ட்டின் தான் சேர்த்துவைத்திருந்த டி. எச். லாரன்ஸ் முதல் பதிப்புகளை விற்றுத்தான் பதிப்பகத்தையே ஆரம்பித்திருந்தார். ஆனால் அவர் தெரிந்தே, கணக்குப் போட்டு, தன் கையால் எடுத்து வைத்தார். என் சித்தியிடம் அப்படி யாரும் கேட்கவில்லை.

லிவியின் பணம்

இந்த வரிசையில் எல்லோருக்கும் மூத்தவர் மார்க் ட்வெய்ன். 1872இல் வந்த 'ரஃபிங் இட்' நெவாடாவின் வெள்ளிச் சுரங்கக் காலத்தைச் சொல்வது. உண்மையும் ஜோடனையும் பிரிக்க முடியாமல் கலந்த புத்தகம். அதில் அவரும் கூட்டாளி ஹிக்பியும் ஒரு வெள்ளிப் படிவத்துக்கு உரிமை பதிவுசெய்கிறார்கள். அன்றிரவு தூக்கமில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ரஷ்யன் ஹில் மேல் கட்டப்போகும் வீட்டுக்குப் பில்லியர்ட்ஸ் அறை எங்கே வைப்பது என்று இருட்டில் படுத்துக்கொண்டு பேசுகிறார்கள். சுரங்கச் சட்டப்படி பத்து நாளுக்குள் அங்கே கொஞ்சமாவது வேலை நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை போய்விடும். ட்வெய்ன் நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார், ஹிக்பி வேறொரு புதையலைத் தேடிப் போகிறார். நீ பார்த்துக்கொள் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதிவைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கெடு முடிந்து, வேறு ஆட்கள் படிவத்தைப் பிடித்துவிட்டார்கள். பத்து நாள் கோடீஸ்வரர்களாக இருந்த ஞாபகத்துக்காக அந்தப் புத்தகத்தையே ஹிக்பிக்குச் சமர்ப்பணம் செய்தார். சிரித்துக்கொண்டே எழுத முடிந்தது, ஏனென்றால் அந்தக் கோடிகள் ஒருநாளும் அவருடையதாக இருக்கவில்லை. வேறு யாருடையதாகவும் இல்லை.

பின்னாளில் அவர் இழந்தது வேறு. ஜேம்ஸ் பேஜ் என்பவர் கண்டுபிடித்த அச்சு கோக்கும் இயந்திரம். சுமார் 18,000 உதிரிப்பாகங்கள். ஓடினால் மனிதனைவிடப் பல மடங்கு வேகம், ஆனால் நிலையாக ஓடாது. 1880களிலும் 90களின் தொடக்கத்திலும் அதில் 3 லட்சம் டாலர் வரை போட்டார். தான் எழுதிக்கொண்டிருந்த நாவலும் இயந்திரமும் ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் அளவுக்கு அதில் ஊறிக்கிடந்தார். அதற்குள் லைனோடைப் என்ற போட்டி இயந்திரம் வந்து சந்தையைப் பிடித்துவிட்டது. அவர் புத்தகங்களில் சம்பாதித்ததோடு, மனைவி ஒலிவியாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த பணத்திலும் கணிசமான பங்கு அதில் போனது. ஒலிவியாவின் அப்பா எல்மைராவில் நிலக்கரி வியாபாரம் செய்து சேர்த்த சொத்து. லிவி என்று ட்வெய்ன் கூப்பிடுவார். 1894இல் ட்வெய்ன் நடத்திய பதிப்பகமும் திவாலானது. சட்டப்படி ஒரு பகுதி கொடுத்து முடித்திருக்கலாம், ஒரு டாலர்கூடப் பாக்கி வைக்கக் கூடாது என்று சொன்னவர்களில் லிவியும் ஒருவர். கடனை அடைக்க உலகம் சுற்றி மேடையேறிப் பேசக் கிளம்பினார்கள். லிவியும் மகள் கிளாராவும் கூடவே. 1896 ஜனவரியில் கொழும்பு வழியாகப் பம்பாய் வந்து இறங்கியது அந்தப் பயணத்தில்தான். 1898க்குள் எல்லாக் கடனும் அடைந்தது.

இயந்திரத்தைப் பற்றிச் சுயசரிதைக் குறிப்புகளில் கோபமாக எழுதியிருக்கிறார். பயணத்தைப் பற்றித் தனிப் புத்தகமே இருக்கிறது. ஆனால் பத்து நாள் வெள்ளிக்கு எழுதிய மாதிரி, பதினைந்து வருஷ இயந்திரத்துக்கு ஒரு கதை அவர் எழுதவில்லை.  லிவி, கணவரின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்திக்கொண்டே, அப்பாவின் சொத்து மாதாமாதம் அந்த இயந்திரத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட ஒரு நாவல் இருந்தால் சொல்லுங்கள், தேடிக்கொண்டிருக்கிறேன். அதில் பக்காரா மேஜையோ குதிரையோ இருக்காது. ஹார்ட்ஃபோர்டில் அத்தனை பெரிய வீட்டை மூடிவிட்டுச் செலவு குறைவு என்று குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போன 1891ஆம் வருஷம் இருக்கும், எந்த வேலையாளை நிறுத்துவது என்று அவர் யோசித்தது இருக்கும், கணவர் நம்பிக்கையோடு வந்து இன்னும் ஒரே ஒரு தவணைதான் என்று சொன்னபோது அவர் என்ன பதில் சொன்னார் என்பதும் இருக்கும்.